திரும்பி வரும் இரும்பு

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் மீஞ்சூருக்கு அடுத்த நிறுத்தம் அனுப்பம்பட்டு. அதற்கு அடுத்த பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் கிடைக்கும். அனுப்பம்பட்டில் இறங்குகிறவர்கள் அவரவர் அவசரத்தில் போய்விடுவார்கள். ஒரு நாள் அவசரமில்லாமல் நின்று, நடைமேடையிலிருந்தபடியே எதிர்த் தண்டவாளத்தின் அடியைப் பாருங்கள்.

தண்டவாளத்தைக் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முறுக்கிவிட்ட கொண்டை ஊசிபோல ஒரு இரும்பு வளைவு இருக்கும். கட்டைவிரல் பருமன், துருவேறிய பழுப்பு நிறம். ரயில்வேக்காரர்கள் அதைக் ‘கிளிப்’ என்பார்கள். பார்வைக்கு ஆணி போன்ற சாதாரணப் பொருள். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். 1957-இல் பெர் பாண்டே-ரோல்ஃப்சன் என்ற நார்வே நாட்டுப் பொறியாளர் கண்டுபிடித்த வடிவத்தின் வழிவந்தது. சுத்தியலால் அடித்து ஏற்றும்போது சுமார் 13 மில்லிமீட்டர் விரிந்துகொடுத்து, பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் தண்டவாளத்தின் மேல் 850 முதல் 1100 கிலோ வரை அழுத்தமாக இறங்குகிறது. ஒரு கட்டைக்கு நான்கு கிளிப்; கிலோமீட்டருக்கு 1660 கட்டை என்று போட்டால் 6640 கிளிப். ரயில் வந்தாலும் வராவிட்டாலும், பகலும் இரவும், அத்தனையும் அழுத்திப் பிடித்தபடியே கிடக்கின்றன.

கம்பிக் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்புக் கம்பியை அதே வடிவில் வளைத்து அடித்து ஏற்றினால் என்ன ஆகும்? ஏறும், ஏறிய இடத்திலேயே விரிந்துபோய்க் கிடக்கும். அழுத்தம் பெரும்பகுதி போய்விடும். இரண்டும் இரும்புதான். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

“ஸ்பிரிங் இரும்பு கெட்டி, சீக்கிரம் வளையாது” என்பதுதான் பொதுவாக வரும் பதில். இந்தப் பதில் தவறு. ஒரே நீள, அகல, கனத்தில் இரண்டு பட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சாதாரண இரும்பு. மற்றது லாரியில் போடும் ஸ்பிரிங் பட்டை. இரண்டின் நுனியிலும் ஒரே சிறு எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தாழும். எடையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சாதாரணப் பட்டை மடங்கி, எடையை எடுத்த பிறகும் மடங்கியபடியே நிற்கும். ஸ்பிரிங் பட்டை அதைப் போல ஐந்து மடங்கு தாங்கிவிட்டு, விட்டதும் நிமிர்ந்துவிடும்.

எளிதில் வளைவதும் வளையாததும் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள பிணைப்பைப் பொறுத்தது. எஃகைக் காய்ச்சினாலும் தோய்த்தாலும், அதில் கொஞ்சம் வேறு உலோகம் கலந்தாலும் அந்தப் பிணைப்பு அநேகமாக மாறுவதில்லை. மாறுவது எல்லைக்கோடு மட்டுமே. எவ்வளவு தூரம் வளைத்தால் இனித் திரும்பாது என்கிற கோடு அது. சாதாரண இரும்பில் இந்தக் கோடு சுமார் 250 மெகாபாஸ்கலில் இருக்கிறது. பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகில் 1200-ஐத் தாண்டும். ஸ்பிரிங் தன்னுள் தேக்கிவைக்கும் ஆற்றல் இந்த எல்லையின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. பலம் ஐந்து மடங்கு என்றால் தேக்கம் இருபத்தைந்து மடங்கு.

தமிழில் இந்தப் பொருளுக்கு நல்ல பெயர் முன்பே இருக்கிறது: வில். மாட்டுவண்டியின் அடியில் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியபோது நம்மவர்கள் அதை வில்வண்டி என்றார்கள். பள்ளிப் பாடநூலில் சுருள்வில் என்று படிக்கிறோம். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும் என்ற இரண்டு குணமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

இரும்பை வில்லாக்குவது எப்படி? அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். தையல் ஊசி மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியால் பிடித்து, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் முதல் ஊசியைச் செந்தணலாகக் காய்ச்சி, மெல்ல வெளியே இழுத்து ஆறவிடுங்கள். அதை வளைத்தால் கட்டுக்கம்பி போல வளைந்து அப்படியே நிற்கும். இரண்டாவதைச் செந்தணலாக்கிச் சட்டென்று தண்ணீரில் விடுங்கள். அதை வளைக்கப் போனால் ‘டக்’கென்று ஒடியும்; கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதையும் அதேபோலத் தண்ணீரில் விட்டெடுத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, இம்முறை சுடருக்குச் சற்று உயரத்தில் மெல்லக் காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள் படரும், அது ஊதாவாகும், பிறகு மயில்கழுத்து நீலம் வரும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இந்த ஊசி வளையும், விட்டால் நிமிரும்.

மூன்றிலும் உள்ள இரும்பு ஒன்றே, கரி ஒன்றே. சூட்டின் கணக்குத்தான் வேறு. கொல்லுப்பட்டறையில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அந்த மயில்கழுத்து நிறம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் என்று ஆய்வகத்து வெப்பமானி பின்னால் வந்து சொன்னது.

உள்ளே நடப்பது இது. எஃகு என்பது கரி கலந்த இரும்பு. செந்தணலில், அதாவது 850 டிகிரியை ஒட்டிய சூட்டில், இரும்பின் அணு அடுக்கு மாறுகிறது. கரியணுக்கள் உள்ளே உட்கார இடம் கிடைக்கிறது. மெல்ல ஆறினால் அடுக்கு பழையபடி திரும்பும்போது கரி வெளியேறி, இரும்போடு சேர்ந்து தனித்தனித் தகடுகளாக ஒதுங்குகிறது. எஃகு மென்மையாகிறது. சட்டென்று குளிர்ந்தால் கரி வெளியேற நேரமில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டு இரும்பின் அடுக்கை நெளித்து இறுக்கிவிடுகிறது. இந்த இறுகிய நிலைக்கு அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். கண்ணாடி போலக் கடினம். கண்ணாடி போலவே உடையும். அதை மிதமாகச் சூடேற்றும்போது கரியில் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களாக ஒதுங்கி, இறுக்கம் தணிகிறது.

விரித்த ஜமுக்காளத்தை நகர்த்த முழுதாக இழுக்க வேண்டியதில்லை. ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் போதும். இரும்பு மடங்குவதும் இப்படித்தான்: அணு அடுக்கில் உள்ள சுருக்கங்கள் நகர்கின்றன. ஜமுக்காளத்தின் மேல் அங்கங்கே கல்லை வைத்துவிட்டால் சுருக்கம் நகராது. ஒதுங்கிய நுண்துகள்கள் அந்தக் கற்கள்.

ஊசிக்குச் சரி. கட்டைவிரல் பருமனுள்ள கிளிப்புக்கு இது போதாது. பருத்த கம்பியைத் தண்ணீரில் விட்டால் தோல்தான் சட்டென்று குளிரும். உள்ளே சூடு நின்று, கரி நிதானமாக வெளியேறிவிடும். தோல் ஒரு குணம், நடு ஒரு குணம் என்றாகி, வெடிப்பும் விழும். கலவை உலோகங்களின் வேலை இங்கே தொடங்குகிறது. மாங்கனீசும் குரோமியமும் கரி வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் பதமாகக் குளிர்வித்தாலே நடுப்பகுதி வரை இறுகும். சிலிக்கன் இரும்பில் கரைந்து தானும் பலம் கூட்டும். மறுசூட்டில் எஃகு தளர்ந்துவிடாமலும் தடுக்கும். வனேடியம் படிகங்களைப் பொடியாக வைத்திருக்கும்.

அளவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கிளிப் செய்யும் எஃகு 100 கிலோவில் கரி அரை கிலோவுக்குச் சற்று மேல். சிலிக்கன் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. மாங்கனீசு ஒரு கிலோவுக்குள். மற்றதெல்லாம் வெறும் இரும்பு. குழம்புக்கு உப்பு போலத்தான்.

எஃகில் வேறு உலோகம் கலந்து பார்க்கும் ஆராய்ச்சிக்குத் தூண்டுதலில் ஒரு பங்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மூசையில் உருக்கி எஃகு செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்த தென்னிந்திய எஃகின் ரகசியத்தைத் தேடி லண்டனில் மைக்கேல் பாரடே 1819-இல் அதைப் பகுத்துப் பார்த்தார். அதில் அலுமினியம் இருப்பதே காரணம் என்று அவர் நினைத்தது சரியில்லை. அதிகமான கரிதான் அதன் அடையாளம். ஆனால் அந்தத் தவறான தடம் நல்ல இடத்துக்குக் கொண்டுபோனது. கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து 1820, 1822-இல் முடிவுகளை வெளியிட்டார். பரங்கிப்பேட்டையில் 1830-இல் இரும்பாலை தொடங்கி நட்டப்பட்ட ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கிலாந்து திரும்பி 1839-இல் எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கிளிப்பில் இருக்கும் மாங்கனீசுக்கும் நம் கடற்கரைக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

கடற்கரை என்றதும் உப்பு வந்துவிடுகிறது. ஸ்பிரிங் ஒரே அடியில் உடைவது அபூர்வம். ஒவ்வொரு சக்கரம் கடக்கும்போதும் சிறிது அசைந்து அசைந்து, லட்சக்கணக்கான அசைவுக்குப் பிறகு களைத்து ஒடியும். அந்த விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒரு புள்ளியில் தொடங்குகிறது. பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்றில் துரு குடையும் ஒரு சின்னக் குழி அதற்குப் போதும். உலையில் காய்ச்சும்போது தோலில் உள்ள கரி எரிந்துபோனாலும் அதே ஆபத்துத்தான். எனவே தொழிற்சாலையில் லாரி ஸ்பிரிங் பட்டைகளின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அடிக்கிறார்கள். மேற்பரப்பு இறுகி அமுங்கினால் விரிசல் வாய் திறக்காது. தண்டவாளத்தில் கிளிப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் தடவி மறுபடி ஏற்றுகிறார்கள். கையில் சுத்தியலோடு தண்டவாளம் நெடுக நடந்து தளர்ந்த கிளிப்பைத் தேடுகிறாரே கீமேன், அவர் வேலையின் பாதி இந்த உப்போடும் களைப்போடும்தான்.

ஏரிக்குள்ளும் ஸ்பிரிங் உண்டு. படகு மோட்டாரைக் கயிறு இழுத்துக் கிளப்பும்போது, இழுத்த கயிற்றைத் திரும்பச் சுற்றிக்கொள்வது உள்ளே சுருண்டிருக்கும் ஒரு தகடு. தூண்டில் முள்ளும் இந்த வம்சம்தான்: பதம் குறைந்தால் மீன் இழுத்து நிமிர்ந்துவிடும், மிஞ்சினால் ஒடிந்துவிடும். உப்புநீருக்கு ஏற்ற எவர்சில்வர் ஸ்பிரிங் கம்பி தோய்ச்சலுக்கு மசியாது. குரோமியமும் நிக்கலும் நிறைந்த அந்த வகையைக் குளிர்ந்த நிலையிலேயே சின்னத் துளை வழியாக இழுத்து இழுத்துத்தான் இறுக்க வேண்டும். மின் இணைப்புகளில் வரும் பெரிலியம் கலந்த செம்பு இன்னும் விசித்திரம்: செந்தணலிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் மென்மையாகும், பிறகு சுமார் 315 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் இறுகும். எஃகுக்கு நேர் எதிர்.

இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து வரும் வண்டிகளின் அடியில் இருக்கும் பட்டைகளும் சூட்டின் கணக்கில் பிறந்தவையே. பாரம் மிஞ்சிப் பட்டை தாழ்ந்துபோனால், கேஸ் வெல்டிங் சுடரில் காட்டிச் செந்தணலாக்கி வளைவைத் தூக்கிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. ஒடிந்ததை வெல்டு வைத்து ஒட்டுவதும் உண்டு. வெளியே போகும்போது பட்டை நன்றாகத்தான் தெரியும். ஆனால் சுடர் பட்ட இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. அந்த இடம் முதல் ஊசியாகவோ இரண்டாவது ஊசியாகவோ மாறியிருக்கும்; மூன்றாவது ஊசியாக இருக்காது. பட்டை ஒடிந்தால் புதுப்பட்டை போடுங்கள். பழையது கொல்லுப்பட்டறைக்குப் போகட்டும். அங்கே அதை முறையாகக் காய்ச்சி, அடித்து, தோய்த்து நல்ல அரிவாளாக்கிவிடுவார்கள்.