புளிப்பறியும் நாவு

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழி வந்தோர்க்கு மதுவைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். அருந்துவது வேறு, அறிவது வேறு. மேலை நாடுகளில் மதுவின் தரங்காணும் தொழிலினர், வாயிலிட்டதை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவதே வழக்கம். மயக்கம் வந்தால் தரங்காணும் ஆற்றல் போய்விடும் அன்றோ? இத்துறை அறிவு மொழிபெயர்ப்போர்க்கும் வேண்டுவது. ஆங்கிலத்தில் வரும் 'டிரை ஒயின்' என்பதை 'உலர்ந்த மது' என்றும், 'கிரிஸ்ப்' என்பதை 'மொறுமொறுப்பான மது' என்றும் பெயர்த்தால் பொருள் கெடும். முன்னது, சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து இனிப்பு அடங்கிய நிலை. பின்னது, நாவைத் தூய்மை செய்யும் கூரிய புளிப்பு.

இப்புளிப்புக்குப் பெயர்பெற்றது பிரான்சின் பர்கண்டி மாநிலத்து வடகோடியில், செரேன் ஆற்றங்கரையில் விளையும் ஷாப்லி. ஷார்டனே என்னும் ஒரே வகைத் திராட்சையினின்றே இஃது ஆக்கப்படுகிறது. குளிர் மிகுந்த அவ்விடத்தில் கனிகள் மெல்லப் பழுக்கின்றன; ஆதலின் அவற்றின் புளிப்பு குன்றுவதில்லை. அக்குளிரே உழவர்க்குப் பகையும் ஆகும். 2021 ஏப்ரலில் பெய்த உறைபனி இளந்தளிர்களைக் கருக்கியது. இதனைத் தடுக்க, உறைபனி இரவுகளில் கொடிகளின்மீது நீர் தெளிப்பர். நீர் பனிக்கட்டியாகும்போது வெளிவிடும் வெப்பம் தளிரைக் காக்கிறது.

சுவைத்தறிதல் மூன்று படிகளை உடையது. முதலாவது காணல்: கண்ணாடிக் கிண்ணத்தின் காம்பைப் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே வைத்து நிறம் பார்ப்பர். இளம் ஷாப்லி பசுமை கலந்த வெளிர்மஞ்சளாகத் தோன்றும். இரண்டாவது முகர்தல்: கிண்ணத்தை மெல்லச் சுழற்றினால் மணம் எழும், பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் நினைவுக்கு வரும். மூன்றாவது சுவைத்தல்: ஒரு மிடறு கொண்டு நாவெங்கும் பரப்புவர். புளிப்பு மிகுமாயின் வாயில் நீர் ஊறும். 10 செல்சியஸ் பாகையை ஒட்டிய குளிர்ச்சி ஏற்றது. அளவு கடந்து குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

இதனைச் சிப்பியுடன் உண்பது பிரெஞ்சு வழக்கம். காரணம் எளிது. மீன் வறுவலின்மீது நாம் எலுமிச்சை பிழிவதும் இதற்கே. புளிப்பு, கொழுப்பின் திகட்டலைப் போக்கும். சிப்பியின் உப்பு, மதுவின் புளிப்பைத் தணிக்கும். இனிப்புப் பண்டத்துடன் அருந்தினாலோ புளிப்பு மிகைப்பட்டுத் தோன்றும். மிளகாய்க் காரத்துடனும் பொருந்தாது. சாராயச் சத்து எரிச்சலைக் கூட்டும். செந்நிற மது மீனுக்கு ஒவ்வாமை ஏன்? அதிலுள்ள இரும்புச் சத்து மீன்வாடையை எழுப்பக்கூடும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர்.

செந்நிற மதுவில் திராட்சைத் தோலினின்றும் விதையினின்றும் இறங்கும் சத்து வாயைப் பிடிப்பது போன்ற உணர்வைத் தரும். தமிழர் இதனைத் துவர்ப்பு எனப் பெயரிட்டு அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். உமிழ்நீரின் புரதங்களோடு அச்சத்து பிணைவதால் எழும் ஊறுணர்வு இது என்பது இக்கால விளக்கம். பாக்கு மென்று பழகிய நாவுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஷாப்லி நிலத்தில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் வாழ்ந்த சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்துள்ளன. அதனாற்றான் மது சிப்பிக்கு இயைகிறது என்பது கேட்க இனிய கதை. ஆயினும், பாறையின் சுவை வேர்வழியே ஏறிக் கிண்ணத்தை அடைவதாக நிலவியல் அறிஞர் ஒப்புவதில்லை. மெய்யான இயைபு புளிப்பிலும் உப்பிலுமே உள்ளது.

யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு தேறல் என்கிறது. 1945இல் அரிக்கமேட்டு அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. தேறல் என்பது தெளிந்தது எனப் பொருள்படும். தேறல், துவர்ப்பு, நாவூறல் என்னும் சொற்கள் கைவசம் இருக்க, 'உலர்ந்த மது' என எழுதுதல் வறுமையன்று, தேடாமையே ஆகும்.