தரையிலிருந்து விமானம் நடத்துவோர்

விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்த திகனயில் வாழும் இளைஞருக்கு, விமானத் தொழில் என்றதும் விமானியின் ஆசனமே நினைவுக்கு வரும். வானில் ஏறாமலே விமானத்தை நெறிப்படுத்துவோரும் உளர். அவர்களே விமான இயக்க அதிகாரிகள்.

கட்டுநாயக்கவிலிருந்து விமானம் புறப்படுமுன் வானிலை, சுமை, வழி ஆகியவற்றை ஆராய்ந்து பயணத் திட்டம் வகுப்பது இவர்கள் பணி. சேருமிடத்தில் மூடுபனி கவிந்தால் வேறெங்கு இறங்குவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதையும் முன்னரே கணித்தல் வேண்டும். எரிபொருள் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. மிகுந்தால் அப்பாரத்தைச் சுமப்பதிலேயே ஒரு பகுதி வீணாகும்.

சர்வதேச விதிப்படி, உரிமம் பெறுவோர் 21 வயது நிறைந்தவராயிருத்தல் வேண்டும். வானிலையியல், விமானச் சட்டம் முதலியவற்றில் தேர்ந்த பின்னரும், மேற்பார்வையின்கீழ் 90 வேலை நாள்களேனும் பணியாற்ற வேண்டும். அவசரத்தின் நடுவே, “இப்போது புறப்படலாகாது” என்று சொல்லும் துணிவு இப்பயிற்சியாலேயே கைகூடும்.