மார்சியானோவின் குத்து பஞ்சாப் வரை வந்தது தெரியுமா?

செத்துப்போன ஒருவரிடம் முகமது அலி பாக்ஸிங்கில் தோற்றார், தெரியுமா? தோற்ற ஆத்திரத்தில் பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கும் போட்டார்!

1967-இல் நடந்த கூத்து இது. மயாமியைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரை மோத விட்டால் யார் மிஞ்சுவார்? ஒவ்வொருவரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி எல்லாவற்றையும் எண்ணாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் போட்டார். அது துப்பியதை நிஜச் சண்டையின் நேர்முக வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார். காலிறுதியில் அலியை வீழ்த்தியவர் ஜிம் ஜெஃப்ரீஸ். இந்த ஜெஃப்ரீஸ் கண்மூடியது 1953-இல். அப்போது அலிக்கு வயது 11!

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தையும் லைசென்ஸையும் பறிகொடுத்து அலி சும்மா இருந்த நேரம் அது. உள்ள பெயரும் இப்படிப் போனால் விடுவாரா? வழக்கு 10,000 டாலரில் சமரசமானது. கூடவே ஒரு நிபந்தனை: கம்ப்யூட்டர் போட்டியில் கோப்பை வென்ற ராக்கி மார்சியானோவுடன் அலி கேமரா முன் மோதவேண்டும்.

மார்சியானோ 49 சண்டையில் 49-ஐயும் ஜெயித்து 1956-இல் ஓய்வு பெற்றவர். படத்துக்காக இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார், வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். 1969-இல் இருவரும் ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் நடித்துக் கொடுத்தார்கள். முடிவு என்ன என்பது இருவருக்கும் தெரியாது. பல முடிவுகளை எடுத்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20, ஒரே இரவில் சுமார் 1,500 தியேட்டர்கள். திரையில் 13-ஆம் ரவுண்டில் அலி நாக் அவுட்! ஐரோப்பாவில் சில இடங்களில் காட்டிய பிரதியிலோ அலிதான் ஜெயித்தார். ஊருக்கு ஒரு க்ளைமாக்ஸ் வைக்கும் வித்தை நம் சினிமாக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நிறவெறிக்குப் பேர்போன அலபாமாவில்தான் அந்த மெஷினைச் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார்.

இந்த 13-ஐ மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. மார்சியானோவையும் அலியையும் நிஜமாகவே எதிர்த்து நின்ற ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஆர்ச்சி மூர். 1955-இல் மார்சியானோவிடம் 9-ஆம் ரவுண்டில் விழுந்தார். ஏழு வருடம் கழித்து, நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில், இருபது வயது அலியிடம் 4-ஆம் ரவுண்டில் விழுந்தார். அந்த அலி 1980 ஜனவரியில் டெல்லியில் பஞ்சாபைச் சேர்ந்த நம் ராணுவ வீரர் கவுர் சிங்குடன் நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடினார். ஆக மார்சியானோ மூரைக் குத்த, மூர் அலியைக் குத்த, அலி கவுர் சிங்கைக் குத்த, அந்தக் குத்து பஞ்சாப் வந்து சேர்ந்துவிட்டது! அடுத்து 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அதே கவுர் சிங்குக்குத் தங்கம்.

அந்தப் பயணத்தில் அலி சென்னைக்கும் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் சக வீரர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி; அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.

‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்ததிலிருந்து ஓசூர் பக்கத்துச் சூளகிரி டீக்கடையில்கூட பாக்ஸிங் பேச்சுக்கு ஆள் கிடைக்கிறது, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும். கபிலனா, டான்ஸிங் ரோஸா? கதை நடப்பது எமர்ஜென்சி கால வடசென்னையில். ஆனால் டான்ஸிங் ரோஸின் ஆட்டத்துக்கு முன்மாதிரி, 1990-களில் கலக்கிய இங்கிலாந்து வீரர் நசீம் ஹமீது. அவர் பிறந்தது 1974-இல்! எமர்ஜென்சி வந்தபோது அவருக்கு வயது ஒன்று. இயக்குநர் பா. ரஞ்சித் சத்தமில்லாமல் இரண்டு காலத்து பாக்ஸர்களை ஒரே ரிங்கில் ஏற்றிவிட்டார். ஊரே ரசித்தது, யாரும் வருஷக் கணக்கு கேட்கவில்லை.

காலம் தாண்டி ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் காளை எத்தனை விநாடியில் ஓடியது என்று குறிப்பார்கள். போன வருஷத்துக் காளையையும் இந்த வருஷத்துக் காளையையும் அந்தக் கணக்கில் ஒப்பிட்டுவிடலாம். பாக்ஸிங்கில் ஏது கடிகாரம்? பாருங்கள்: ஃப்ரேஸியர் 1971-இல் அலியை வென்றார், 1973-இல் ஃபோர்மேன் ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் உருட்டினார், 1974-இல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனைச் சாய்த்தார். அ-வை விட ஆ பெரியவர், ஆ-வை விட இ பெரியவர், இ-யை விட அ பெரியவர்! இந்த வட்டத்தை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டு எந்த வரிசை எடுப்பது?

இப்போது அந்த 13-க்கு வருவோம். மார்சியானோ உலக சாம்பியன் ஆனது 1952-இல், ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி. அதுவரை நடுவர்கள் மூவர் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். அவரைக் காப்பாற்றிய அந்த ஒரே வலதுகைக் குத்து விழுந்தது 13-ஆம் ரவுண்டில். கம்ப்யூட்டர் இறுதிப் போட்டியில் அவர் முன்னாள் சாம்பியன் டெம்ப்சியைச் சாய்த்ததும் 13-ஆம் ரவுண்டு. திரையில் அலியைச் சாய்த்ததும் அதே 13. ஆனால் இன்று பட்டச் சண்டைக்கு 12 ரவுண்டுதான்! 1982-இல் கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆம் ரவுண்டில் வீழ்ந்து இறந்தபின் 15 ரவுண்டு வழக்கம் படிப்படியாக ஒழிந்தது. இன்றைய விதிப்படி 12-இல் மணி அடித்திருந்தால் அந்த இரவு வால்காட்தான் சாம்பியன். 49-க்கு 49 என்ற சரித்திரமே இல்லை. இன்னும் கேளுங்கள்: மார்சியானோவின் எடை சுமார் 85 கிலோ. இன்றைய கணக்கில் ஹெவிவெயிட்டுக்குக் கீழுள்ள பிரிவின் எல்லையே 90.7 கிலோ. அந்தப் பிரிவிலேயே அவர் அடங்கிவிடுவார்!

அதனால் ‘யார் ஜெயிப்பார்?’ என்பது இரண்டாவது கேள்வி. எந்த வருஷத்து ஆள், எந்த வருஷத்து விதி என்பதே முதல் கேள்வி. அதைச் சொன்ன மாத்திரத்தில் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2019 டிசம்பரில் டெல்லி தேர்வுச் சண்டையில் ஆறு முறை உலக சாம்பியன் மேரி கோம், 23 வயது நிகத் ஜரீனை 9-1 என்று வென்றார். மேரிக்கு அப்போது வயது 37. காலத்தால் பிரிந்த இருவர் நிஜமாகவே மோதி, விடையும் கிடைத்துவிட்டது. சண்டை தீர்ந்ததா? 2022-இலும் 2023-இலும் நிகத் உலக சாம்பியன் ஆனார்; விவாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சரி, என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1966-ஆம் வருஷத்து அலியும் 1955-ஆம் வருஷத்து மார்சியானோவும் 15 ரவுண்டு ஆடினால், அலிக்குப் புள்ளிக் கணக்கில் வெற்றி, ஆனால் முகம் வீங்கித்தான் வீடு போவார். 1966, 1970 என இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய ஹவா சிங்கா, கவுர் சிங்கா? என் ஓட்டு ஹவா சிங்குக்கு. நாட்டிலேயே பத்து வருஷத்துக்கு மேல் அசைக்க ஆளில்லாதவர். 2010 மேரியும் 2023 நிகத்தும்? 48 கிலோவில் வைத்தால் மேரி, 50-இல் வைத்தால் நிகத். இல்லை என்று சொல்பவர்கள் தாராளமாக வாருங்கள். வருஷத்தையும் எடையையும் ரவுண்டையும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சண்டையைத் தொடங்குங்கள்.