கண்ணுக்குள் ஒரு குட்டி டியூப்: கிளாக்கோமாவுக்கு மதுரைக் கருவி எப்படி உதவுகிறது?

திருச்சி பாலக்கரையில் நின்று 'கண் ஆஸ்பத்திரி எங்கே?' என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் மேலப்புதூருக்குக் கை காட்டுவார்கள். 1934-ல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இப்படி எந்தக் கண் மருத்துவமனைக்குப் போனாலும், "டியூப் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வச்சா பார்வை திரும்ப வந்துடுமா?"

வராது. கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த டியூப்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். முதலில் சொட்டு மருந்து, லேசர். பிறகு 'டிராப்' எனப்படும் டிராபெகுலெக்டமி ஆபரேஷன். அதுவும் பலன் தராதபோதும், சர்க்கரை நோயால் கண்ணுக்குள் புது ரத்தக்குழாய்கள் முளைத்து வரும் கிளாக்கோமாவிலும் டியூப் தேவைப்படுகிறது.

டியூப் என்றதும் வெளியே தொங்குமோ என்று பயப்பட வேண்டாம். அதன் தடிமன் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். ஒரு முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனை, இமைக்கு அடியில் வெள்ளைவிழி மேல் தைக்கப்படும் சிலிக்கான் தகட்டில் முடியும். திரவம் அங்கே போய்ச் சேர, சுற்றியுள்ள திசு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

1960-களில் மோல்டினோ என்ற மருத்துவர் உருவாக்கிய யோசனை இது. பின்னர் அகமது வால்வு, பேர்வெல்ட் என வெளிநாட்டுக் கருவிகள் வந்தன. விலைதான் இடித்தது. அரவிந்த் கண் மருத்துவக் குழுமத்தைச் சேர்ந்த மதுரை ஆரோலேப், பேர்வெல்ட் மாதிரியில் 350 சதுர மில்லிமீட்டர் தகடு கொண்ட 'ஆடி' கருவியை 2013-ல் கொண்டுவந்தது. விலை சுமார் 50 டாலர். அகமது வால்வு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் 'ஆடி'யில் வால்வு கிடையாது. திறந்தபடி விட்டால் திரவம் மொத்தமாக வடிந்து கண் தொய்ந்துபோகும். அதனால் தானாகக் கரையும் நூலால் டியூப்பைக் கட்டிவிடுவார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைவதற்குள் தகட்டைச் சுற்றி திசு உறை வளர்ந்துவிடும், அதுதான் பிரேக்.

சிக்கலே இந்த ஐந்தாறு வாரம்தான். "ஆபரேஷன்தான் முடிஞ்சாச்சே" என்று அப்பாவோ அம்மாவோ சொட்டு மருந்தை நிறுத்திவிட்டால், டியூப் மூடியிருக்கும் நேரத்தில் அழுத்தம் மறுபடி ஏறும். எந்த மருந்தை எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நூல் கரையும் சமயத்தில் அழுத்தம் திடீரென இறங்கி பார்வை மங்கலாம். சில மாதம், சில வருஷம் கழித்து டியூப் மேல்தோலைத் துளைத்து வெளியே தெரியவும் வாய்ப்புண்டு. கிருமி உள்ளே நுழையும் வழி அது. வலி, சிவப்பு, மங்கல் இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.