சர்வர் எழுந்திருக்கலையா? பதறிப்போய் ஃபார்மேட் பண்ணிடாதீங்க!

கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு ஓடி ஓடி வீடியோ எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவை நினைச்சுப் பாருங்க. 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 45 ஜி.பி ஆகும். பொண்ணு அழைப்பு தொடங்கி மறுவீடு வரைக்கும் ரெண்டு கேமரா ஓடினால் எவ்வளவு வரும்னு நீங்களே பெருக்கிக்கோங்க. இதெல்லாம் போனிலும் அடங்காது, இலவச க்ளவுடிலும் அடங்காது. கூகுள் போட்டோஸ் தன் 'அளவில்லா இலவச' சேமிப்பை 2021 ஜூன் 1-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. 15 ஜி.பி-யைத் தாண்டினால் காசு.

அதனால்தான் பலர் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டுறாங்க. ரெண்டு மூணு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, ஓர் இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, வைஃபையோடு இணைச்சுட்டா வீட்டில் உள்ள எல்லா போனுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் ரெடி. இதுக்குப் பேர்தான் 'நாஸ்'.

எல்லாம் நல்லாத்தான் போகும். திடீர்னு ஒருநாள் போனிலிருந்து சர்வரைத் தொட்டால் பதில் இருக்காது. மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் 'பூட் செய்ய எந்த டிவைஸும் இல்லை'ன்னு ஒரு வரி. வயிற்றில் புளியைக் கரைக்கும். போன மாசம் எடுத்த கல்யாணம் அதுக்குள்ளதான் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் ஆல்பம்கூட போகலை.

முதலில் மூச்சை விடுங்க. அந்த வரிக்கு 'படம் போச்சு'ன்னு அர்த்தம் இல்லை.

சாவி வேற, பீரோ வேற

வீட்டு சர்வர்களில் பல, பென் டிரைவிலிருந்து எழுந்திருப்பவை. காரணம் எளிமையானது. பழைய மதர்போர்டில் ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகள் நாலோ ஆறோதான் இருக்கும். அதில் ஒன்றை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொடுப்பானேன்? 2005-ல் ஒலிவியே கோஷார்-லபே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஃப்ரீநாஸ், பென் டிரைவில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தது. அதுதான் பின்னாளில் ட்ரூநாஸ் ஆனது. அன்ரெய்டு என்ற இன்னொரு சாஃப்ட்வேர், பென் டிரைவிலிருந்து தன்னை ரேமுக்கு ஏத்திக்கிட்டு அங்கிருந்தே வேலை பார்க்கும்.

ஆக, பென் டிரைவ் என்பது பீரோ சாவி மாதிரி. சாவி தொலைஞ்சாலும் உள்ளே இருக்கும் பட்டுப்புடவை எங்கேயும் போயிடாது. பீரோவை உடைச்சாத்தான் பிரச்னை.

அப்படி உடைக்கிற வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது: 'டிஸ்க்கைக் கழட்டி லேப்டாப்பில் போட்டுப் பார்ப்போம்'னு ஒருத்தர் ஐடியா கொடுப்பார். நாஸ் டிஸ்க்குகள் இசட்.எஃப்.எஸ், எக்ஸ்.எஃப்.எஸ், பி.டி.ஆர்.எஃப்.எஸ் மாதிரியான ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும். விண்டோஸுக்கு அதையெல்லாம் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிட்டு சும்மாவும் இருக்காது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யணும், செய்யட்டுமா?'ன்னு கேட்கும். அங்கே 'ஓகே' அமுக்கினால், அதுவரைக்கும் பத்திரமா இருந்த கல்யாணம் அந்த நிமிஷத்தில்தான் காலி. 'இனிஷியலைஸ் டிஸ்க்'னு வந்தாலும் இதேதான். கேன்சல் மட்டும்தான் உங்க பட்டன்.

'பவர் கட்' நாளும் பொத்தான் பேட்டரியும்

'நேத்து வரைக்கும் ஓடுச்சே, யாரும் தொடக்கூட இல்லையே' என்பதுதான் இந்தப் பிரச்னையின் வழக்கமான புலம்பல். இப்படிச் சொல்றவங்க வீட்டில் நான் முதலில் சந்தேகப்படும் ஆள், மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி.

கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்கணும், மணி என்ன என்பது மாதிரியான விஷயங்களை பயாஸ் நினைவில் வைத்திருக்கும். கரன்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைச்சு வெச்சாலும், ப்ளக்கிலிருந்து வரும் சொற்ப மின்சாரமே அந்த நினைவைக் காப்பாத்திடும். ப்ளக்கில் கரன்ட் மொத்தமாக நின்றால்தான் பேட்டரிக்கு வேலை. ஏழெட்டு வருஷப் பழைய டெஸ்க்டாப்பில் அந்த பேட்டரி எப்பவோ செத்திருக்கலாம். ஆனா, 24 மணி நேரமும் ஓடும் சர்வரில் அது செத்ததே தெரியாது.

எப்போ தெரியும்? 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை'ன்னு பேப்பரில் வருமே, அந்த நாளில். கயத்தாறைச் சுத்தி எங்கே பார்த்தாலும் காத்தாடி சுத்துது. தேசிய காற்றாலை நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கு, 400 கே.வி துணை மின் நிலையமும் இருக்கு. ஆனாலும் அந்த மின்சாரம் போறது கிரிட்டுக்கு. தெருவுக்குப் பராமரிப்பு நாள்னா கயத்தாறுக்கும் அதேதான். காலையில் போன கரன்ட் திரும்பி வரும்போது பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு, ஃபேக்டரியில் பிறந்த நாளுக்குப் போயிருக்கும். பென் டிரைவை விட்டுட்டு ஹார்டு டிஸ்க்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தேடும். அங்கே வீடியோதான் இருக்கு. கையை விரிச்சிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். பயாஸுக்குள் போய் தேதியைப் பாருங்க. பல வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டினால் குற்றவாளி சிக்கிட்டார். பெட்டியை அணைச்சு, ப்ளக்கையும் பிடுங்கிட்டு, பேட்டரியை மாத்துங்க. பிளஸ் குறி மேலே பார்க்கணும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாத்தின பிறகு பூட் வரிசையில் பென் டிரைவை முதலிடத்தில் வெச்சு சேவ் பண்ண மறக்காதீங்க.

கரன்ட் போகாமலே வரிசை மாறும் இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு: புதுசா ஒரு ஹார்டு டிஸ்க் மாட்டினால் சில மதர்போர்டுகள் அதையே முதலாளியாக்கிடும். பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க்கை மாட்டினால், சர்வருக்குப் பதிலா விண்டோஸ் எழுந்து குட் மார்னிங் சொல்லும்.

பென் டிரைவ் கண்ணுக்குத் தெரியுதா?

பேட்டரி நல்லா இருக்கா? அப்போ கம்ப்யூட்டரை ஆன் பண்ணின உடனே பூட் மெனுவுக்கான கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. ஜிகாபைட், டெல், லெனோவாவில் பொதுவா எஃப்12, எம்.எஸ்.ஐ, ஏஸ்ராக்கில் எஃப்11, ஏசுஸ் மதர்போர்டில் எஃப்8, ஹெச்.பி-யில் எஃப்9. வரும் பட்டியலில் உங்க பென் டிரைவ் பேர் இருக்கான்னு பாருங்க. இங்கே ரெண்டு பாதை பிரியுது.

பேரே இல்லைன்னா, முதலில் போர்ட்டை மாத்துங்க. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை நம்பாதீங்க. பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்பு நிற யு.எஸ்.பி 2 போர்ட்டில் போடுங்க. பழைய போர்டுகளில் நீல நிற யு.எஸ்.பி 3 போர்ட்டைத் தனி சிப் ஒன்று கவனிச்சுக்கும். கம்ப்யூட்டர் எழும் அந்தச் சில நொடிகளில் பயாஸுக்கு அந்த சிப்போட பேசத் தெரியாமல் போகலாம். அப்படியும் வரலைன்னா அதே பென் டிரைவை வேற கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க. அங்கேயும் ஊமைன்னா டிரைவ் செத்தாச்சு. இது அபூர்வம் இல்லை. பென் டிரைவ் நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கப் பிறந்தது கிடையாது. ட்ரூநாஸ் தரப்பே இப்போ 'பென் டிரைவ் வேண்டாம், சின்ன எஸ்.எஸ்.டி போடுங்க'ன்னுதான் சொல்லுது. பஜாரில் மலிவா கிடைக்கும் '1 டி.பி' பென் டிரைவ் பற்றி நான் எதுவும் சொல்லலை, உங்களுக்கே தெரியும்.

பேர் இருக்கு, ஆனா தேர்ந்தெடுத்தா எழுந்திருக்கலைன்னா விஷயம் வேற. பட்டியலில் ஒரே பென் டிரைவ் ரெண்டு தடவை, ஒன்றின் முன்னால் 'யு.இ.எஃப்.ஐ'ன்னு இருக்கலாம். புது முறை, பழைய முறைன்னு ரெண்டு வாசல் அது. ரெண்டையும் தட்டிப் பாருங்க. ஒன்று திறந்தால், பயாஸில் அதையே நிரந்தரமாக்குங்க. 'செக்யூர் பூட்' ஆன்ல இருந்தா அணைச்சுப் பாருங்க. பல நாஸ் சாஃப்ட்வேர்கள் அதோட ஒத்துப்போகாது. அன்ரெய்டுக்கு மட்டும் ரெண்டு தனி வம்பு: பென் டிரைவின் பேர் 'அன்ரெய்டு'ன்னே ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கணும், யு.இ.எஃப்.ஐ முறையில் எழ, அதுக்குள் இருக்கும் 'இ.எஃப்.ஐ' ஃபோல்டர் பேரின் கடைசியில் சின்ன கோடு இருந்தால் எடுத்துடணும். கரன்ட் பட்டுன்னு போனதில் பென் டிரைவின் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால், அதை விண்டோஸில் செருகி 'எர்ரர் செக்கிங்' ஓட விட்டாலே சில நேரம் எழுந்துடும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரிஞ்ச ஃபேட்32 டிரைவ் என்பதால் இங்கே அது பாதுகாப்பு. ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இதைச் செய்யாதீங்க.

புதுசா போட்டே ஆகணும்னா

மேலே சொன்ன எதுவும் நடக்கலைன்னா புது பென் டிரைவ்தான். தொடும் முன் ஒரு காரியம்: எல்லா ஹார்டு டிஸ்க்கிலும் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுதி, எந்த நம்பர் எந்தக் கேபிளில்னு போனில் ஒரு போட்டோ எடுத்துட்டு, சாட்டா கேபிளைக் கழட்டி வெச்சுடுங்க. இன்ஸ்டால் பண்ணும்போது 'எந்த டிஸ்க்கில் போடட்டும்?'னு ஒரு பட்டியல் வரும். அதில் உங்க வீடியோ டிஸ்க்கே இல்லைன்னா, தூக்கக் கலக்கத்திலும் தப்பா அமுக்க முடியாது.

டவுன்லோடு பண்ணின ஐ.எஸ்.ஓ ஃபைலைப் பென் டிரைவில் காப்பி பண்ணினால் மட்டும் போதாது. அதை 'எழுதணும்'. விண்டோஸில் ரூஃபஸ், பலேனா எட்சர் எதுவானாலும் சரி. 'இருந்த ஒரே கம்ப்யூட்டரே அந்த சர்வர்தான்'னு சொல்றவங்களுக்கு எட்ச்ட்ராய்டு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கு. ஓ.டி.ஜி கேபிளில் பென் டிரைவை மாட்டினால், ரூட் பண்ணாத போனிலிருந்தே லினக்ஸ் ஐ.எஸ்.ஓ-வை எழுதிடலாம்.

அன்ரெய்டுக்கு ஐ.எஸ்.ஓ கிடையாது, அவங்களோட பென் டிரைவ் தயாரிக்கும் கருவியைக் கம்ப்யூட்டரில் ஓட்டணும். லைசென்ஸும் பென் டிரைவின் அடையாள எண்ணோட கட்டப்பட்டது. புது டிரைவுக்கு மாத்திக்க வழி இருக்கு, ஆனா பழைய 'கான்ஃபிக்' ஃபோல்டர் கையில் இருந்தால் வேலை பாதி. அது இல்லைன்னா எந்த டிஸ்க் 'பாரிட்டி'ன்னு நிச்சயமா தெரியாமல் எதையும் அந்த இடத்தில் வெச்சுடாதீங்க. பாரிட்டி இடத்தில் வைக்கும் டிஸ்க் மேலெழுதப்படும்.

ட்ரூநாஸ் இந்த விஷயத்தில் தங்கம். புது சிஸ்டம் எழுந்த பிறகு அணைச்சுட்டு, டிஸ்க்குகளை எந்த வரிசையில் மாட்டினாலும் அடையாளம் கண்டுக்கும். ஸ்டோரேஜ் பக்கத்தில் 'இம்போர்ட் பூல்'னு இருக்கும். 'க்ரியேட் பூல்' பக்கத்திலேயே நிக்கும், அதைத் தொட வேண்டாம், அது டிஸ்க்கைத் துடைச்சுடும். பூலுக்குப் பூட்டு போட்டிருந்தால் அந்த என்க்ரிப்ஷன் கீ வேணும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

பூல் வந்ததும் ஒரு வீடியோவை நடுவிலிருந்து ஓட விட்டுப் பாருங்க. சரியா ஓடினால் அன்னைக்கே கான்ஃபிக் ஃபைலை டவுன்லோடு பண்ணி, அந்த சர்வரில் இல்லாமல் உங்க போனிலோ மெயிலிலோ போட்டு வைங்க. சில கே.பி-யோ எம்.பி-யோதான் வரும். அப்புறம் வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யு.பி.எஸ் மோடு'ன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. சாதா மோடில் ஃபேனும் லைட்டும் தாங்கும் சின்ன இடைவெளியை கம்ப்யூட்டர் தாங்காது. அந்த ஸ்விட்ச்சைத் தள்ளிவிட்டால் கரன்ட் மாறுவதே சர்வருக்குத் தெரியாது.