மட்டாஞ்சேரியில் எழுத்துகளைத் தேடி

கையொப்பம் ஒன்றைத் தவிர வேறெதையும் பேனாவால் எழுதாத வாடிக்கையாளர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அக்கையொப்பமும் ஆண்டுக்கு ஆண்டு உருமாறி, கணக்குத் தொடங்கிய நாளில் இட்ட மாதிரியோடு பொருந்தாமற் போவதால் காசோலைகள் திரும்புவதுண்டு. எழுதும் பழக்கத்தைக் கை இழந்துவருவதை வங்கியின் முகப்பில் அமர்ந்திருப்போர் நன்கறிவர். இந்நிலையில், எழுத்தை அழகுற வரைவதைப் பொழுதுபோக்காக மேற்கொள்ளும் சிலரைச் சந்திக்கும்போது நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது. அவர்கள் பெரும்பாலும் கேட்பவை இரண்டு கேள்விகள்: எதைப் பார்த்து எழுதுவது? எதைக் கொண்டு எழுதுவது?

முதற் கேள்விக்கு விடை தேடுவோர் மட்டாஞ்சேரிக்கு ஒரு நாள் வந்து செல்லலாம். கொச்சியின் இம்மூலையில் இத்தனை எழுத்துமுறைகள் அருகருகே வாழ்ந்தது வணிகத்தின் பயன். 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டு 1760இல் அமைந்தது. அதன் முகங்களில் ஒன்று எபிரேய எண்களையும், மற்றொன்று ரோமானிய எண்களையும், இன்னொன்று மலையாள எண்களையும் தாங்கியுள்ளது. இரண்டைக் குறிக்கும் மலையாள எண்ணைக் கண்டதும் நம் ‘௨’ நினைவுக்கு வரும். தமிழ் எண்களை வரைந்து பழக விரும்புவோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இராது.

இவ்வாலயத்தோடு தொடர்புடைய செப்பேடுகள் அதைவிடத் தொன்மையானவை. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிப் பொறித்துக் கொடுத்தவை அவை. எழுத்து வட்டெழுத்து. அதன் அகன்ற வளைவுகளை ஒரு பக்கம் பார்த்து எழுதினாலே, இன்றைய எழுத்தின் முனைகள் எவ்வளவு கூர்மையாகிவிட்டன என்பது விளங்கும்.

எழுத்து தாளில்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. யூதத் தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளில் எபிரேய எழுத்துகளை நூலால் பூவேலையாக்கி விற்றுவந்தார். 2019இல், 96ஆம் வயதில் மறைந்தார். கடைவீதியில் மிளகு, சுக்கு மூட்டைகளின் மேல் தகட்டு அச்சால் இட்ட எழுத்துகளையும் கவனியுங்கள். தகடு உடையாமலிருக்க ஒவ்வொரு எழுத்திலும் சிறு இடைவெளிப் பாலங்கள் விடப்பட்டிருக்கும். தேவைக்காகத் தோன்றிய அந்த இடைவெளியே ஓர் அழகாகிவிடுகிறது. கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயச் சுவர்களில் பதித்துள்ள போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைப் பலகைகளையும் பார்த்து வரலாம். ரோமானியப் பெரிய எழுத்துகளைக் கல்லில் வெட்டியவர், இடம் போதாதபோது எழுத்துகளை எவ்வாறு நெருக்கினார் என்பது கற்கத்தக்கது.

தமிழருக்கு இவ்வூரின்மேல் இன்னோர் உரிமையும் உண்டு. அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டே அவரது ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. ஓலைச்சுவடி வழக்கத்தைப் பின்பற்றி அக்காலத் தமிழ் அச்செழுத்துகள் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடவில்லை. அவற்றின் படங்கள் அச்சு வரலாற்று நூல்களில் கிடைக்கின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் வழக்கொழிந்த துதிக்கை ‘லை’, ‘னை’ வடிவங்களையும் சேர்த்துக்கொண்டால் வரைவதற்கு ஓராண்டுக்குப் போதிய பொருள் கிடைத்துவிடும். அவ்வடிவங்களைத் திருமண அழைப்பிதழின் தலைப்பில் இன்றும் பயன்படுத்தலாம் என்பது நம் கருத்து, பாட்டிமார் மகிழ்வர்.

இனிக் கருவிகள். தொடக்கத்திலேயே விலையுயர்ந்த வெளிநாட்டுப் பேனாக்களை வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. இரண்டு பென்சில்களை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டுங்கள். இரு முனைகளும் ஒருசேர நகரும்போது பட்டை நிப்பு வரையும் எழுத்தின் இரு விளிம்புகளும் தாளில் தோன்றும். பழகியபின் பட்டை நிப்புகள் அடங்கிய உள்நாட்டுப் பேனாத் தொகுப்பு ஒன்றைச் சில நூறு ரூபாயில் வாங்கலாம். எறணாகுளம் பிராட்வேயின் எழுதுபொருள் கடைகளிலும், உங்கள் ஊரின் பள்ளிப் பொருள் கடையிலும் அது கிடைக்கும். நீர்ப்புகா வரைமையை ஊற்றுப்பேனாவில் ஊற்றவேண்டாம், உலர்ந்து அடைத்துக்கொள்ளும். தாளில் மட்டும் சிக்கனம் கூடாது. மலிவான தாளில் மை கசிந்து எழுத்தின் விளிம்பு சிதறிவிடும். 100 ஜிஎஸ்எம் அளவிலான வழவழப்பான தாள் போதுமானது. கணினி வருமுன் பேரேட்டின் தலைப்புகளை எழுதுவதற்கென்றே கிளைதோறும் கையெழுத்து நன்கமைந்த ஒருவர் இருந்ததாகவும், பேரேட்டுத் தாளில் மை ஊறாது என்று அவர் பெருமை பேசியதாகவும் நம் மூத்த அலுவலர்கள் கூறக் கேட்டிருக்கிறோம்.

முதலில் ட, ப, ம ஆகிய நேர்கோட்டு எழுத்துகளைப் பயிலுங்கள். எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்கட்டும். நிப்பின் சாய்வு வரி முழுவதும் மாறாதிருக்கட்டும். சாதாரணமாக ‘ப’வின் வலக்கோட்டை நாம் கீழிருந்து மேலாக எழுதுவோம். பட்டை நிப்பை அவ்வாறு மேல்நோக்கித் தள்ளினால் அது தாளைக் கீறும், மை தெறிக்கும். எனவே பேனாவை எடுத்து, அக்கோட்டை மேலிருந்து கீழாகத் தனியே இழுக்கவேண்டும். இந்த ஒன்று கைவந்துவிட்டால் ல, வ, ள போன்ற வளைவெழுத்துகள் அத்துணைக் கடினமல்ல. மலையாள எழுத்துக்கலைஞர் நாராயண பட்டத்திரியின் படைப்புகளைக் காண்போர், வளைவின் கனம் எங்கே கூடி எங்கே குறைகிறது என்பதை அறிந்துகொள்வர்.

மட்டாஞ்சேரிக்கு வருவதாயின் சனிக்கிழமையைத் தவிர்த்திடுங்கள். அன்று யூத ஆலயத்தில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. மற்ற நாள்களில் காலையிலேயே சென்றால் கடைவீதியின் கிடங்குக் கதவுகள் சாத்தியிருக்கும்போதே அவற்றின் மேலுள்ள எழுத்துகளை நிதானமாகப் பார்த்து வரையலாம். தூரிகையால் எழுதிய பெயர்ப்பலகைகளின் இடத்தைக் கணினியில் அச்சிட்ட பதாகைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துவருகின்றன. பருவமழைக்கு முன் வருவது நன்று. சுண்ணாம்புச் சுவரில் எஞ்சியுள்ள எழுத்து ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாக உதிர்கிறது.