சின்னக் காருக்கு லேசான, ஒடுங்கிய ரிம்: கடைக்குப் போகும் முன் கணக்குப் போடுங்கள்

பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டும், கார் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓட வேண்டும், குழியில் விழுந்தால் ரிம் வளையக்கூடாது. சின்னக் கார் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஆனால் நம் ஊர் ஸ்போர்ட் ரிம் கடைகளில் கண்ணில் படுபவை எல்லாம் அகலமானவை, பளபளப்பானவை, 15 அங்குலத்துக்கு மேற்பட்டவை. 14 அங்குலத்தில் ஒடுங்கிய ரிம் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். பெட்ரோல் காசுக்காக என்றால் பதில் ஒன்று, பாதுகாப்புக்கும் சொகுசுக்கும் என்றால் பதில் வேறு.

உதாரணத்துக்கு, 2014 செப்டம்பரில் அறிமுகமான முதல் தலைமுறை பெரோடுவா அக்ஸியாவை எடுத்துக்கொள்வோம். 998 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், 850 கிலோ அளவு எடை. டயர் 175/65 ஆர் 14. இதே டயர் அளவுதான் பெஸ்ஸாவிலும் முதல் தலைமுறை மைவியிலும் வந்தது. எனவே இங்கே சொல்லும் கணக்கு நம் தாமான்களில் வரிசையாக நிற்கும் கார்களில் பாதிக்காவது பொருந்தும்.

எடை குறைந்தால் என்ன கிடைக்கும்?

சக்கரம் இரண்டு வேலை செய்கிறது. காரோடு சேர்ந்து முன்னே போகிறது, தானும் சுழல்கிறது. அதனால் கார் வேகம் எடுக்கும்போது, சக்கரத்தின் வெளி விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, பூட்டில் வைத்த ஒரு கிலோவைவிட அதிகமாக இன்ஜினை இழுக்கும். அதிகபட்சம் இரண்டு கிலோவுக்குச் சமமாகும், அதற்கு மேல் போகாது. ஒரு கிலோ குறைத்தால் பத்து கிலோ குறைத்த மாதிரி என்று சிலர் சொல்வது வியாபாரப் பேச்சு.

ஒரு சக்கரத்துக்கு 2 கிலோ வீதம் நான்கிலும் 8 கிலோ குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையில் நல்ல சாதனை. வேகம் எடுக்கும்போது அதன் பலன் அதிகபட்சம் 16 கிலோவைக் காரிலிருந்து இறக்கிய மாதிரி. ஓட்டுநரோடு சேர்த்து 925 கிலோ எடையில் அது 2 விழுக்காடுகூட இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் லேசாகத் தெரியும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது சக்கரத்தின் சுழல் எடைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

இனி காசுக் கணக்கு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் அக்ஸியா, 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடித்தால் மாதம் 75 லிட்டர். ரிம் மாற்றியதால் தாராளமாக 2 விழுக்காடு மிச்சம் என்று எடுத்துக்கொண்டாலும் 1.5 லிட்டர்தான். பூடி95 விலையான லிட்டருக்கு 1.99 வெள்ளியில் அது மாதம் 3 வெள்ளி. புது லேசான ரிம்முக்கு 1,500 வெள்ளி கொடுத்தால், போட்ட பணம் திரும்பி வர 40 ஆண்டுக்கு மேல் ஆகும். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் இ-ஹெயிலிங் ஓட்டுநருக்கும் இதே கணக்கில் 8 வெள்ளிதான் வரும். பெட்ரோல் மிச்சம் ஒன்றே நோக்கம் என்றால் புது ரிம் வாங்க வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து அடித்தாலே போதும். அதற்குக் காசும் இல்லை.

அப்படியானால் எடை குறைந்த ரிம் எதற்கு? குழிக்கும் மேட்டுக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை எவ்வளவு குறைவோ, அவ்வளவு எளிதாக டயர் சாலையோடு ஒட்டி ஏறி இறங்கும். 850 கிலோ காரில் கனமான சக்கரம் மாட்டினால், தாமானுக்குள் இருக்கும் ஒவ்வொரு பம்பிலும் கார் 'டொம்' என்று அடிப்பது பின் இருக்கையில் உள்ளவர்களுக்குத் தெரியும். முதுகுவலி உள்ள பெரியவர்களை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போகிற காருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒடுங்கிய டயருக்குள் ஒளிந்திருக்கும் ஏமாற்று

ஒடுங்கிய டயருக்கு நம் ஊரில் ஒரு நல்ல பயன் உண்டு. தேங்கிய மழைநீரில் அகலமான டயரைவிட அது குறைந்த தண்ணீரையே ஒதுக்க வேண்டியிருக்கும். எனவே மிதந்து வழுக்கும் ஆபத்து குறையும், டயரில் பூ நன்றாக இருந்தால். முன்னால் வரும் காற்றும் குறைவாகத் தடுக்கப்படும். 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 மின்கார் 155 மில்லிமீட்டர் டயரில் ஓடியது இந்தக் காரணங்களை நினைத்துத்தான். அதற்கும் முன்பே ஹோண்டாவின் முதல் இன்சைட் ஹைபிரிட் 165/65 ஆர் 14 டயரும் அலுமினிய ரிம்மும் கொண்டுதான் வெளிவந்தது. வறண்ட சாலையில் வளைவை வேகமாக எடுத்தால் ஒடுங்கிய டயரில் பிடி கொஞ்சம் குறையும். கேமரன் மலைக்கு வேகமாக ஏறும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எவ்வளவு ஒடுக்கலாம்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஜப்பானின் 660 சிசி கேய் கார்களில் வரும் 14 அங்குல, நாலரை அங்குல அகல ரிம்களும் 155/65 ஆர் 14 டயர்களும் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். துளை அளவு ஒத்துப்போகும். பார்க்க ஒல்லியாக, தூக்கினால் லேசாக இருக்கும். அக்ஸியாவில் மாட்டிய பிறகு ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடுகிறது என்று மீட்டரும் சொல்லும்.

மீட்டர் சொல்வதை நம்ப வேண்டாம். 175/65 ஆர் 14 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டர். 155/65 ஆர் 14 டயருக்கு 557 மில்லிமீட்டர்தான். சக்கரம் நாலரை விழுக்காடு சிறியது, அதனால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். கார் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 1,047 காட்டும். 50 லிட்டரில் 1,000 ஓடிய கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தது என்பதுதான் உண்மை. மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் 20.9 வரும். 'மிச்சம்' என்று நாம் மகிழ்வது அந்த 0.9ஐத்தான். இன்ஜினோ அதே வேகத்துக்கு முன்பைவிட அதிகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

இதைவிட முக்கியம் பளு. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண் அது தாங்கும் எடையைக் குறிக்கிறது. அக்ஸியாவின் அசல் டயரில் 82 என்று இருக்கும், ஒரு டயருக்கு 475 கிலோ. 155/65 ஆர் 14 டயரில் 75, அதாவது 387 கிலோ. ஒரே மாற்றத்தில் ஒவ்வொரு டயரிலும் 88 கிலோ போய்விடுகிறது. தனியாக வேலைக்குப் போய் வரும்போது எதுவும் தெரியாது. தீபாவளிக்கு ஐந்து பேரும் பூட் நிறையச் சாமானுமாக, வெயிலில் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் போகும்போது, காற்றும் சற்றுக் குறைவாக இருந்தால், டயர் சூடேறி வெடிப்பதற்கு அதுதான் வழி. தயாரிப்பாளர் கொடுத்த பளு எண்ணுக்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் அது சிக்கனம் ஆகாது.

ஒடுங்கிய டயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் கணக்கில் சரியாக வருவது 165/70 ஆர் 14. விட்டம் 587 மில்லிமீட்டர், அசலுக்கு 1 விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. மீட்டர் பொய் சொல்லாது. பளு எண் 81, ஒரு டயருக்கு 462 கிலோ. இதுவும் அசலைவிட ஒரு படி குறைவு என்பதால், கார் கையேட்டைப் பார்க்காமல், டயர் கடையில் பேசாமல் இதற்கும் போகக்கூடாது. 165/65 ஆர் 14இல் பளு எண் 79, விட்டமும் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையும், எனவே அது எனக்கு உவப்பாக இல்லை. எதுவானாலும், டயர் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் ரிம்முக்குப் பணம் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் டயர் பஞ்சரானால் எல்லாக் கடையிலும் கிடைப்பது 175/65 ஆர் 14 என்பதையும் யோசியுங்கள். அசல் டயரிலேயே இருந்துகொண்டு ரிம்மை மட்டும் லேசாக்குவது பலருக்குப் போதும்.

ரிம்மில் பார்க்க வேண்டிய எண்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தமிழில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் உண்டு: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை. கார் ரிம்மிலும் இதே மூன்றுதான், பெயர்தான் எண்களாகிவிட்டது.

குடத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. நட்டுத் துளைகள்: இந்தக் கார்களுக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். இதைக் கடைக்காரர்கள் எல்லாருமே சரியாகச் சொல்வார்கள். அடுத்தது நடுத்துளை. பெரோடுவாவுக்கும் டொயோட்டா சின்னக் கார்களுக்கும் 54.1 மில்லிமீட்டர், ஹோண்டா ஜாஸ், சிட்டிக்கு 56.1. ஹோண்டா ரிம் அக்ஸியாவில் ஏறிவிடும், ஆனால் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். அதற்குச் சரியான வளையம் போடாவிட்டால் 90க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் நிற்காது.

நட்டு விஷயம் இன்னும் ஆபத்தானது. ஹோண்டாவின் அசல் ரிம்மில் நட்டு உட்காரும் இடம் கிண்ணம் போல உருண்டையாக இருக்கும். கடையில் வாங்கும் ஸ்போர்ட் ரிம்களில் அது கூம்பு போலச் சரிவாக இருக்கும். மரை ஒன்றாக இருப்பதால் எந்த நட்டும் ஏறிவிடும், இறுகிய மாதிரியும் இருக்கும். ஆனால் உருண்டைக் கிண்ணத்தில் கூம்பு நட்டு ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும், ஓட ஓடத் தளரும். ஹோண்டா ரிம் வாங்கினால் ஹோண்டா நட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

வட்டைக்கு உரியது அகலமும் ஆஃப்செட்டும். அக்ஸியாவின் அசல் ரிம் 5 அங்குல அகலம். ரிம்மில் 'இடி' எழுத்துகளோடு வரும் எண்ணே ஆஃப்செட். அது குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். 5 அங்குலம், இடி 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், இடி 35 உள்ளதை மாட்டினால் வெளி விளிம்பு 35 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் ஜேபிஜே சம்மன் வரலாம், சம்மன் வராவிட்டாலும் வீல் பேரிங்குக்கு வேலை வரும். 5 அல்லது ஐந்தரை அங்குலத்திலேயே நில்லுங்கள். ஒடுங்கிய டயரை 7 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டும் பாணியை இந்தக் கட்டுரை கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

'லேசு' என்று எழுதியிருந்தால் லேசாகிவிடாது

அலாய் என்றாலே இரும்பைவிட லேசு என்பது பொதுவான நம்பிக்கை. 14 அங்குல இரும்பு ரிம் ஏறக்குறைய 6, 7 கிலோ இருக்கும். மலிவான வார்ப்பு அலாய் 15 அங்குலத்தில் அதே எடைக்கோ அதற்கு மேலோ வந்துவிடும். பெரிய ரிம், அகலமான டயர் இரண்டும் சேர்ந்தால் காசு கொடுத்துக் காரைக் கனமாக்கியதுதான் மிச்சம்.

ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 ரிம்மின் பெயரில் உள்ள 37, 15 அங்குலம் 6 அங்குல அகல ரிம்மின் எடையான 3.7 கிலோவிலிருந்து வந்தது. அது அடித்துச் செய்த ரிம். நம் ஊரில் அதே ஆறு ஆரக்கால் வடிவில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வார்ப்பில் செய்த நகல்கள். வடிவத்தைத்தான் நகலெடுக்க முடியும், 3.7 கிலோவை முடியாது. ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகளையும் வார்ப்பிலேயே அச்சடித்து விடுகிறார்கள், எனவே முத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை. விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடைபோடும் கையடக்கத் தராசு ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். டயர் இல்லாத ரிம்மைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எடைபோட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்து மிகச் சிக்கனமான வழி, பெரோடுவாவின் சொந்த 14 அங்குல அலாய் ரிம்கள்தான். புது மைவி, பெஸ்ஸா வாங்கியவுடன் பெரிய ரிம்முக்கு மாறுகிறவர்கள் அசல் ரிம்மைக் கடையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் சீந்துவதில்லை, அதனால் விலை குறைவு. துளை, நடுத்துளை, அகலம் மூன்றும் பொருந்தும், வளையம் தேவையில்லை. இரும்பு ரிம்மோடு வந்த அக்ஸியா இ வகைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். பழைய வியோஸ் ரிம்மும் நடுத்துளை ஒத்துப்போகும், அகலத்தையும் நட்டு உட்காரும் இடத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரிம் என்றால் பணம் கொடுக்கும் முன் பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றிச் சுற்றச் சொல்லுங்கள். விளிம்பு ஆடினால் வளைந்திருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பி ஆரக்கால் வேரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் செய்த தழும்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் பழைய ரிம்மில் இந்தத் தேடலுக்கு இரட்டை நேரம் ஒதுக்குங்கள். ரிம்மோடு டயரையும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய அசல் சக்கரங்களை விற்றுவிடாமல் வீட்டில் ஓரமாக வைத்திருந்தால் காரை விற்கும் நாளில் உதவும். அதில் ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு எடையை ரிம்மின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.